மாப்பிள்ளைகளுக்குக் கீழே சேலை

உறை மோர் கேட்கும் சாக்கில் எதிர்வீட்டுத் திருமலை நைனா வீட்டுக்குள் நான் நுழையும்போது, மருமகள் நளினி ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தறிச் சேலை விற்க இவர்கள் போட்ட வெப்சைட் திறக்கிறது, திறந்துகொண்டே இருக்கிறது. முதலில் பிள்ளையார் வருகிறார். பிறகு மாலையும் கழுத்துமாகக் கும்பிடும் நைனா. அதன் பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய மாப்பிள்ளைகள் இருவர், நகரி ஸ்டேஷன் வாசலில் பிளெக்ஸ் போர்டு வைத்த மாதிரி. “சேலை எங்கடி?” என்கிறேன். “அடியில இருக்குதுக்கா. அதுவரைக்கும் யாரு காத்துக்கினு இருப்பாங்க? வந்த வேகத்துல திரும்பிட்றாங்க. இது ஆவாத பக்கம்னு கூகுளும் நம்மள எங்கியோ கடைசில தள்ளிடுது.” “மாப்பிள்ளைங்க படத்த எடுத்தா என் பொண்ணுங்க பண்டிகைக்கு வருவாங்களா?” என்கிறார் நைனா. பின்கட்டில் ஒரு தறி மட்டும் ஓடுகிற சத்தம். ஆர்டர் வந்தால் ஊரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நைனா மகன் மோகன்ராஜ், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி வேலைக்குக் கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். காலையில் பஸ். நைனா அவன் முதுகையே பார்க்கிறார். அப்புறம் மெல்ல, “என் படத்த எடுத்துடும்மா” என்கிறார். நளினியின் விரல் செல்போனில் அவர் கும்பிட்ட கைகளின் மேல் நிற்கிறது. “உங்களுத மட்டும் எடுத்தா போதாது மாமா.” நைனா எட்டி, அதற்குக் கீழே தெரியும் மாப்பிள்ளைகளைப் பார்க்கிறார். மோகன்ராஜ் சட்டையைத் திருப்பிப் போட்டு, அடுத்த கையைத் தேய்க்கிறான்.