குமிழி கொண்டுவந்த சேதி

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள் இருந்தன. முதல் தொட்டியில் மோட்டார் காற்றடிக்கும். அங்கே அக்கா பாக்டீரியா, நாறும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றி நடுச்சுவர்த் துளை வழியே அனுப்புவாள். அடுத்த தொட்டியில் காற்றே கிடையாது. அங்கே தங்கை பாக்டீரியா அந்த நைட்ரேட்டைத் தின்று, நைட்ரஜன் குமிழியாக்கி மேலே விடுவாள். குமிழி காற்றோடு கலந்துவிடும். செய்ததற்கு அடையாளமாக ஒன்றும் மிஞ்சாது.

"நாள் முழுக்க உழைச்சு எதைக் காட்டுறது, அக்கா?" என்றாள் தங்கை. "இந்தக் குமிழியைக் கேட்டுவரச் சொல்றேன். மேல யாராவது என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா இருக்கேன். இல்லேன்னா வேலையை விட்டுடுறேன்."

அவள் விட்டால், இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரியைப் பாசி மூடும், மீன்கள் செத்து மிதக்கும். அக்காவுக்கு அது தெரியும்.

மறுநாள், மோட்டார் இழுத்த காற்றோடு அந்தக் குமிழி முதல் தொட்டிக்கே வந்து சேர்ந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தெளிஞ்ச தண்ணியைப் பார்த்துட்டு, நல்ல மோட்டார்னு சொன்னாங்க. அப்புறம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

 அக்கா துளையருகே போய்க் குரல் கொடுத்தாள்.

"உன்னைப் பேர் சொல்லி விசாரிச்சாங்களாம்டி."



"எனக்கு ஏது அக்கா பேரு?" என்றாள் தங்கை. "சரி, இன்னைக்கு உள்ளதை அனுப்பு."