கார்த்திகேசுவின் வாக்கு

கட்சித் தலைவர் தெரிவுக்கு இன்றுதான் கடைசி நாள். "அண்ணை, போனில முகத்தைக் காட்டி வெரிஃபை பண்ணினால்தான் வோட்டு" என்றான் என்னைக் கட்சியில் சேர்த்த வாகீசன். மற்ற நாட்களில் ஸ்காபரோ பிளாசாவில் என்னைக் கண்டும் காணாமல் போகிறவன்.

கனடா வந்தபோது அப்பாவின் பெயரை எனக்குக் கடைசிப் பெயராகப் பதிந்தார்கள். அன்றிலிருந்து வேலையிடத்தில் நான் கார்த்திகேசு. தவநேசன் என்று கூப்பிட ஆளில்லை. நரைத்த பிறகு இங்கிலிஷ் எழுத்துப் படித்ததே அந்தப் பெயரை நானே எங்காவது எழுதத்தான்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று போனில் இரண்டு பெயரையும் அடித்தேன். லைசென்ஸைப் படம் எடுத்து, முகத்தைக் காட்டினேன். பொருந்தவில்லை என்றது. வேலையில் முகத்தில் படிந்த சீமெந்துத் தூசியைக் கழுவிவிட்டு வந்தேன். கண்ணை மூடித் திறக்கச் சொன்னது. திறந்தபோது திரையில் அது எடுத்த படமும் பச்சைச் சரியும். கீழே, 'கார்த்திகேசு, உங்கள் வாக்குப் பதிவாகிவிட்டது.'

அதைப் படம்பிடித்து வாகீசனுக்கு அனுப்பினேன். உடனே எனக்குப் போன் எடுத்தான்.

"நல்ல இளமையாய் நிக்கிறியள். டை அடிச்சனீங்களோ?"

"நான் இன்னும் ஆருக்கும் வோட்டுப் போடேல்லை. என்ர பேர் தவநேசன்."

"உது ஆருக்கண்ணை தேவை? வோட்டு விழுந்திட்டுது."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அப்பாவை ஆமி பிடித்துப் போனபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இருந்ததில்லை.

இப்போது இந்தப் படத்தில், என் குசினியில், என் வேலைச் சட்டையோடு அப்பா நிற்கிறார். கழுவிய முகத்தில் ஈரம் காயவில்லை.