ஏழாம் நம்பர் ரத்தம்

"செத்துப்போன அண்ணனுக்காக அழுதுட்டு வந்தா, பிஎச்.டி. சீட் கிடைச்சுடுமாம்மா?" தேர்வுக்குழுத் தலைவர் அவளுடைய விண்ணப்பத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார்.

அவள் அசரவில்லை. "நான் இன்னும் அழவே ஆரம்பிக்கலையே சார்" என்றாள்.

பக்கத்தில் இருந்த பெண் பேராசிரியர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். தலைவருக்குச் சுருக்கென்றது.

மரபணுக்களைக் கணினியில் ஆராயும் உயிர்த் தகவலியல் துறையில் இருப்பதே ஓர் இடம்; வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவள் கொண்டுவந்த ஆய்வோ, இதயத்தை நிறுத்திவிடும் ஒரு மரபணுப் பிழையைப் பற்றியது. அண்ணனை இருபத்திரண்டு வயதில் கொண்டுபோனது அதுதான்.

"இந்தப் பிழை இருக்கிறவங்க யாரும் இருபத்தஞ்சைத் தாண்டினதில்ல. முப்பது வருஷமா இதைத்தான் கட்டுரை கட்டுரையா எழுதிட்டு வர்றேன். இதுல நீ புதுசா என்ன கிழிக்கப்போறே?"

"தாண்டின ஒருத்தரை எனக்குத் தெரியும் சார்." அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "அறுபது பேரோட மரபணு வரிசை இதுல இருக்கு. ஏழாம் நம்பரைப் பாருங்க. அதே பிழை, அப்பா வழியிலயும் வந்திருக்கு, அம்மா வழியிலயும் வந்திருக்கு. ஆனா இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது. எது காப்பாத்துதுன்னு கண்டுபிடிச்சா, இன்னும் எத்தனையோ அண்ணன்கள் பிழைப்பாங்க."

"ரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும். இல்லேன்னா உன் ப்ரோக்ராம்ல தப்பு."

"எனக்கும் அதே சந்தேகம்தான் வந்துச்சு. மூணு லேப்ல, மூணு தடவை புதுசா ரத்தம் கொடுத்துப் பார்த்தாச்சு. மூணும் ஒரே பதில்."

தலைவர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். பிறகு குரலை இறக்கினார். "மார்க் நல்லா இருக்கு. இந்தத் தலைப்பை விட்டுடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இதற்குமுன் இரண்டு இடங்களில் இதே பேச்சைக் கேட்டு, வாயைத் திறக்காமல் வெளியேறியவள் அவள். அந்த இரண்டு முறையும் வீட்டுக்குப் போயும் நெஞ்சு ஆறவில்லை. இன்றைக்கு வாயை மூடுவதாக இல்லை.

"சீட்டை வேணா விடறேன் சார். தலைப்பை விடமாட்டேன்."

பெண் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அப்ப அந்த ஏழாம் நம்பரை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து! உயிரோட இருந்தா பார்க்கலாம்!"

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"நிறுத்தியாச்சு சார். வர்ற மாசம் எனக்கு முப்பத்தொண்ணு."