ஐந்தாவது படி

மார்ச் 12, வியாழன்

நேற்று ஒரு சிறிய பிழை செய்துவிட்டேன். ஒரு வாசகருக்கு அனுப்பிய பதிலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு வந்தவள், அடுத்து ஆறு, ஏழு என்று போட்டிருக்கிறேன். இருப்பதே ஆறு படிகள்தான். இன்று காலை நகலைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நான்காவதைத் தட்டி முடித்தபோது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் மருத்துவமனை நூலகர் எனக்கு டீ வாங்கி வந்து விசைப்பலகையின் மேலேயே வைத்தார். கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, ஐந்தைப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இணையத்தின் வழியே வரும் கேள்விகளுக்குத் தேடிப் பதில் சொல்ல நூலகர்களைப் பழக்கும் மாலை வகுப்பு எங்களுடையது. மொத்தம் பதினான்கு பேர். ‘நூலகரைக் கேளுங்கள்’ என்ற அரட்டைப் பெட்டியில் வெளியிலிருந்து யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

“கேக்கறது யாருன்னு மோப்பம் பிடிக்கக் கூடாது. அது அவங்க அந்தரங்கம்” என்று பயிற்றுநர் முதல் நாளே மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டார்.

எனக்கு வாய்த்தவர் வாசகர் 41. மூன்று வாரமாக, டீ இடைவேளை வந்தால் போதும், கேள்வியோடு வந்து நிற்பார். எல்லாமே அவசரம். ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. எங்களைப் போலவே எங்கோ பரீட்சைக்குத் தவிக்கும் யாரோ என்று பரிதாபப்பட்டு, நானும் டீயை ஆறவிட்டுப் பதில் எழுதுவேன்.

நேற்று அவர் கேட்டது இது: ‘வாசகரின் கேள்வியைக் கையாள என்னென்ன படிகள்? நாளைக்குள் வேண்டும். மானப் பிரச்சினை.’

மூன்று கையேடுகளை ஒப்பிட்டு எழுதி அனுப்பினேன். வரவேற்பது, காதுகொடுப்பது, எதற்காகக் கேட்கிறார் என்று அறிவது, தேடுவது, ஆதாரத்தோடு சொல்வது, கேட்டது கிடைத்ததா என்று உறுதி செய்வது. நகலைப் பயிற்றுநரிடம் ஒருமுறை காட்டலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்புறம் வாங்க, முக்கியமா ஒண்ணு படிச்சிட்டிருக்கேன்” என்றார்.

இன்று தேர்வு. தேறினால், திங்கட்கிழமை எங்கள் நூலகத்தில் திறக்கும் இணைய உதவி மேசை எனக்கு. தேறாவிட்டால், மறுபடி கிடங்கில் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே தும்மிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வினாத்தாளில் ஒரே கேள்வி: ‘ஏழு படிகளையும் வரிசையாக எழுதுக.’

ஏழா? மூன்று கையேட்டிலும் ஆறுதான். ஒருவேளை நேற்று நான் போட்ட எண்தான் சரியோ? நான் படித்ததில்தான் ஏதோ விட்டுப்போயிற்றோ?

“அண்ணா, ஆறுதானே? ஏழுன்னு போட்டிருக்காங்க” என்று கிசுகிசுத்தேன்.

“எழுதி வைம்மா. நான் நடுவுல ‘புன்னகை’ன்னு ஒண்ணைச் சொருகிட்டேன்” என்றார் மருத்துவமனை நூலகர்.

“அரட்டைப் பெட்டியில புன்னகை எப்படிண்ணா தெரியும்?”

“அது வாசகரோட கவலை.”

எனக்குச் சொருக மனம் வரவில்லை. ஒன்று முதல் ஆறு வரை எண்களை இரண்டு முறை விரல்விட்டுச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

பயிற்றுநர் அங்கேயே திருத்தினார். “புன்னகையா? நெருங்கி வந்துட்டீங்க” என்று மருத்துவமனை நூலகரைத் தேற்றிவிட்டார். பின்வரிசைப் பள்ளி நூலகர் ‘மூச்சை இழுத்துவிடுவது’ என்று எழுதியிருந்தார். “இதுவும் பக்கம்தான்.” அவரும் தேறிவிட்டார். பதின்மூன்று பேரும் தேறினார்கள்.

என் தாளை மட்டும் விரல் நுனியில் தூக்கிப் பிடித்தார்.

“நாலு வரைக்கும் பழுதில்ல. அப்புறம் ஆறாவதைக் கொண்டுபோய் அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. ஏழாவதை ஆறுன்னு போட்டிருக்கீங்க. நடுவுல இருந்த அஞ்சு எங்கம்மா?”

“தெரியல மேடம்.”

“தெரியலையா? ஏழுல அதுக்குத்தான் உயிரே இருக்கு!”

“அது என்ன மேடம்?” என்று மருத்துவமனை நூலகர் பேனாவைத் திறந்தார். வகுப்பே பேனாவைத் திறந்தது.

பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். “ஒரே நாள்ல எல்லாத்தையும் ஊட்டிவிட முடியாது. நாளைக்குச் சொல்றேன்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு நாளைக்கு மறுதேர்வு. அஞ்சாவது இல்லாம வந்தா கிடங்குதான், சொல்லிட்டேன்.”

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியை அணைக்கப் போனேன். அரட்டைப் பெட்டி மணி அடித்தது. வாசகர் 41.

‘நேற்று நீங்கள் அனுப்பியதில் ஐந்தாவது படியைக் காணோம். உடனே அனுப்பவும். பதினான்கு பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.’

கண்ணாடிக் கதவு வழியே வராந்தாவைப் பார்த்தேன். பயிற்றுநர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்ன வேடிக்கை? போய் அஞ்சாவதைப் படிங்க!”

நாளை செய்ய வேண்டியவை: காலை பத்து மணிக்குள் ஐந்தாவது படி ஒன்றை உருவாக்கி வாசகர் 41-க்கு அனுப்புதல். மாலை ஆறு மணிக்கு, அதையே பிழையில்லாமல் எழுதிக் காட்டித் தேறுதல்.