ஐந்தாம் முறை எரிந்த நகரம்

"மறுபடியும் எரிச்சிட்டான்டி!"

ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்தான் விஜிதரன்.

கத்தாரில் அவனுக்கு மத்தியான இடைவேளை. லிந்துலையில் சாயங்காலம் ஆகிவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கடைசிக் குழந்தையையும் தாயிடம் ஒப்படைத்துவிட்டு வந்த சர்மிளா, குடத்தைப் பீலிக் குழாயடியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். லயத்து வீட்டுக்குள் போனால் சிக்னல் போய்ப் புருஷன் குரல் அறுந்துவிடும்.

"என்னாங்க எரிஞ்சிச்சி?"

"டவுனுதான். மதிலு, பாலம், நெல்லுக் கெடங்கு, எல்லாம் போச்சு. இதோட அஞ்சாந் தடவ. அதே ஆளுதான்!"

அவனுக்கு வேலை ஒரு பெரிய சாமான் கிடங்கில். மிச்ச நேரமெல்லாம் போன் கேமில் நகரம் கட்டுவான். இரண்டு வருஷமாக இதுதான். லீவில் வந்திருந்தபோதும் அதைத்தான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

பழைய கேமில் அவன் கட்டியதை யாரும் தொட முடியாது. வாய்க்கால் வெட்டலாம், வீதி போடலாம், வருகிற சனத்தைக் குடிவைக்கலாம். போன மாதம் புதுசு வந்தது. இதில் யார் ஊருக்குள்ளும் யாரும் படையோடு புகலாம்.

ரூமில் பாதிப் பேருக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். "இப்பதான் இது கேமு. இவ்வளவு நாளா நீ பொம்ம வீடு கட்டுன" என்று அலோசியஸ் சொன்னானாம். பக்கத்துக் கட்டில்காரன். அவனோடு பேச்சை நிறுத்தியாகிவிட்டது. ஒரே ஒரு ஸ்டார் போட்டு, கம்பெனிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டி எழுதியும் ஆகிவிட்டது.

"அந்த நாயி மட்டும் என் கையில கெடைக்கட்டும், கழுத்த நெரிச்சிப்புடுறேன்."

சர்மிளா குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள்.

"ஒங்க மேல என்னா கோவமோ அந்த ஆளுக்கு."

"என்னா கோவம்? நான் யாருக்கு என்னா செஞ்சேன்? என் பாட்டுக்குத்தானே இருந்தேன்!"

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

அவன் இன்னும் திட்டினான். அப்புறம் மூச்சு வாங்கினான். திடீரென்று, "என்னா, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?" என்றான்.

"தடிமன்."

"மருந்து எடுத்தியா? மழையில நிக்காத. கொத்தமல்லி அவிச்சுக் குடி."

பிறகு சின்னவளின் பல் விழுந்ததைக் கேட்டான். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். மறுபடி மதிலுக்கே வந்தான். மேற்கு வாசலில் காவல் போட ஆளில்லை என்று புலம்பினான்.

இருபத்திரண்டு நிமிஷம்.

போனை வைத்ததும், வரிசையில் காத்திருந்த நாகலெட்சுமி குடத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கொடுத்து வச்சவடி நீ. இப்பெல்லாம் டெய்லி எடுக்குறாரு. முன்னாடி மாசத்துக்கு ஒருக்கா எடுத்தாலே பெருசு."

"அவருக்கு அங்க மனசு சரியில்லக்கா."

சர்மிளா ஒதுங்கிப்போய்த் தேயிலைச் செடி ஓரமாக நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போனில் அதே கேமைத் திறந்தாள்.

அவளுடைய படை அவன் மதிலுக்கு வெளியேதான் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே புகை அடங்கவில்லை.

பழைய கேமில், பெயரைச் சொல்லாமல், பக்கத்து ஊராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஏழு தடவை அவனிடம் கேட்டிருந்தாள். யாரோ என்று ஏழு தடவையும் தள்ளிவிட்டிருந்தான்.

புதுசில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவள் மேற்கு வாசலின் மீது விரலை வைத்தாள்.