ஐஸ் மேல் பரீட்சை

“நீர் முன்னுக்கு நடவும்” என்றார் டாக்டர் நகுலேஸ்வரன்.

கிரீஷ் திரும்பிப் பார்த்தான். உறைந்து கிடந்த ஏரிக் கரையில், ஐஸைத் துளைக்கிற ஆளுயரத் திருகுக்கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஹீட்டர் போட்ட ஆபீசில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவைதான். துவாரகாவைக் கட்டிக்கொள்ள அவள் அப்பா நகுலேஸ்வரன் இன்னும் சம்மதிக்கவில்லை. ஐஸ் மேல் மீன் பிடிக்கப் போனால் அப்பாவுக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம், அங்கே வைத்துத்தான் அவரை வளைக்க முடியும் என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

மயிலாப்பூரில் கிரீஷின் வீட்டில் கண்ணாடித் தொட்டியில்கூட மீன் வளர்த்தது கிடையாது. மூன்று வாரம் யூட்யூபே கதி என்று கிடந்து, லைசென்ஸும் ட்ரவுட் மீனுக்கான தனி ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடிமேல் அடி வைத்து நடந்தான். பத்தடி தள்ளிப் பின்னால் வந்த நகுலேஸ்வரன், பனித்தூளில் அவன் பதித்த தடத்திலேயே தன் பூட்ஸைப் பொருத்திப் பொருத்தி வைத்தார். நடையைக்கூட அளக்கிறாரே மனுஷன் என்று கிரீஷ் இன்னும் கவனமாக அடியெடுத்து வைத்தான்.

“எத்தனை அங்குலம் இருந்தால் ஆள் நிக்கலாம்?”

ஆரம்பித்துவிட்டார். “நாலு அங்குலம், அங்கிள். கிளியர் ஐஸா இருக்கணும்.”

“இதில எத்தனை?”

“ஓட்டை போட்டுத்தான் செக் பண்ணணும், அங்கிள்.”

“அப்ப போடும்.” திருகுக்கம்பியை அவன் கையில் திணித்துவிட்டு அவர் தள்ளி நின்றுகொண்டார். ஒத்தாசைக்கு ஒரு விரல்கூட நீளவில்லை.

மைனஸ் எட்டு டிகிரியில் கிரீஷுக்கு வியர்த்தது. ஒருவழியாகத் தண்ணீர் குபுக்கென்று மேலே வந்ததும் அளந்து பார்த்தான். ஆறு அங்குலம். நகுலேஸ்வரன் டேப்பை ஒரு தரம் பார்த்தார், அவனை ஒரு தரம் பார்த்தார்.

“இனி?”

பூரிக்கு வாங்கிய ஜல்லிக்கரண்டியால் ஓட்டையில் மிதந்த ஐஸ்தூளை அள்ளிப் போட்டான். முழ நீளத் தூண்டிலில் புழுவைக் கோத்து உள்ளே விட்டான். கோக்கும்போது மனதுக்குள் எல்லாச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

“அடி ஆழத்துக்கு விடுறேல்லையோ?”

“வேண்டாம் அங்கிள். கவர்மென்ட் பண்ணையில வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன். ஐஸுக்குக் கீழ மேலாப்லதான் சுத்தும். நாலடி போதும்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’ பாஸா ஃபெயிலா என்று தெரியவில்லை.

அப்போது ஏரி முழுக்க ‘டொம்ம்’ என்று ஓர் அதிர்வு ஓடியது.

“அது என்ன?” அவர் குரல் சட்டென்று கடுமையானது.

“ஐஸ் இறுகுற சத்தம், அங்கிள். நல்லதுதான்” என்றான். சொன்னவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கால் மணி நேரம் போனது. திடீரென்று தூண்டில் நுனி வளைந்தது. கிரீஷ் பதறிப்போய் இழுக்க, ஒரு முழ நீள ட்ரவுட் ஐஸ் மேல் விழுந்து துள்ளியது.

நகுலேஸ்வரன் இரண்டு எட்டுப் பின்னால் போனார். “கொக்கியைக் கழட்டும், பாப்பம்.”

பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத கை அது. துவாரகாவை நினைத்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி கிரீஷ் கழற்றியேவிட்டான். அவர் தலை லேசாக ஆடியது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“அங்கிள், துவாரகாவும் நானும்…”

‘படீர்!’

இருவர் கால்களுக்கும் நடுவில் வெள்ளையாய் ஒரு கீறல் கிளம்பி, கரைப்பக்கம் விறுவிறுவென்று ஓடியது.

“நிக்க வேணுமோ, ஓட வேணுமோ?” நகுலேஸ்வரனின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது. “கெதியாச் சொல்லும்!”

அந்த வீடியோவை அவன் பார்த்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி அது தப்பாகிப் போனால், கல்யாணம் இருக்கட்டும், துவாரகாவுக்கு அப்பாவே இருக்க மாட்டார். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தெரியாது, அங்கிள். சாரி. நான் மீனே பிடிச்சதில்ல. ஐஸ் மேல நிக்கறதே இன்னைக்குத்தான். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் யூட்யூப் பார்த்து மனப்பாடம் பண்ணது. கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. இப்ப என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க, அங்கிள், நீங்கதான எக்ஸ்பர்ட்!”

நகுலேஸ்வரனின் முகம் வெளிறிப்போனது. அவன் தோளை விட்டுவிட்டுக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“நீர் வருசா வருசம் வாற ஆள் எண்டெல்லோ துவாரகா சொன்னவள்…” அவருக்கு நாக்குக் குழறியது. “ஐயோ, உம்மை நம்பித்தானே தம்பி நானே முதன்முதலா ஐசில கால் வைச்சனான்!”