நகராத தேதி

"சார், நாம கண்டுபிடிச்சது புதுச் சிறுகோளே இல்ல!"

இயக்குநரின் அறையில் கடுகு போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. ஆள் குள்ளம், கோபம் நெட்டை. அதனால் அந்த வானாய்வுக் கூடத்தில் எல்லாருக்குமே அவள் கடுகுதான்.

இயக்குநருக்கு முகம் வெளிறிவிட்டது. கீழே பத்திரிகைக்காரர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று.

"என்னம்மா குண்டைத் தூக்கிப் போடற?"

"ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண்ணு, அதுதானே ஜூலியன் தேதி? நாளுக்கு நாள் ஏறணும் இல்ல? நம்ம சாஃப்ட்வேர்ல அந்த எண்ணைக் கணக்குப் போடற ஃபங்ஷன் எப்பக் கேட்டாலும் ஒரே எண்ணைத் தருது சார்! பழைய சிறுகோள் இன்னும் பழைய இடத்துலயே இருக்குன்னு அது நினைச்சுட்டிருக்கு. நகர்ந்து வேற இடத்துல தெரிஞ்சதும், புதுசுன்னு குதிச்சுட்டோம்."

"அய்யய்யோ!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதை எழுதின மடச்சாம்பிராணி யாருன்னு பார்த்து, இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கணும் சார். ஈவு இரக்கமே பார்க்கக் கூடாது!"

"பாவம், யாரோ தெரியாம..."

"என்ன சார் பாவம்? எத்தனை பேரோட உழைப்பு! நீங்க தூக்கலைன்னா, கீழே இருக்கிற அத்தனை பேர் முன்னாடியும் நானே கேட்பேன்."

இயக்குநர் தொலைநோக்கி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, காதோடு ஏதோ கேட்டார். பதில் வந்ததும் எழுந்து கீழே போனார்.

"புதுச் சிறுகோள் எதுவும் இல்லை. தப்பான ஃபங்ஷனை எழுதினது நான்தான். பதவியை விட்டு விலகறேன்."

பத்திரிகைக்காரர்கள் வேகவேகமாய் எழுதிக்கொண்டார்கள். பின்னாலேயே வந்திருந்த கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிஷமே பொரிய ஆரம்பித்துவிட்டாள்.

"பார்த்தீங்களாண்ணா? அதான் பாவம், பாவம்னு பூசி மெழுகினார்! பெரிய மனுஷன் பண்ற காரியமா இது? சீ!"

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அவளையே பார்த்தார்.

"சாருக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாதும்மா."

"அப்ப யாரைக் காப்பாத்தறார்?"

"நீ பயிற்சிக்கு வந்த புதுசுல, டெஸ்ட் பண்றதுக்குன்னு அந்த ஃபங்ஷன்ல ஒரு தேதியைப் போட்டு வச்சியே... அதை நீ மாத்தவே இல்லம்மா."